வீட்டு வேலை முடிந்ததும் தனி இன்ஜினியரிடம் சான்று வாங்குவது எப்படி? கடலூர்ப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எல்லாம் முடிஞ்சுது சார், கடைசி பில்லை மட்டும் செட்டில் பண்ணிட்டா சாவியைக் கையில கொடுத்துடறேன்." வீடு கட்டுகிற எல்லோரும் ஒரு நாள் இதைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பார்கள், பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும். சுவரைத் தட்டிப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்தக் கடைசி பில்தான் உங்கள் கையில் மிச்சமிருக்கும் ஒரே பிடி. அதை விடுவதற்கு முன், அந்த வேலையில் எந்த லாபமும் இல்லாத, தொழில் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, ஒப்புக்கொண்டபடி எது முடிந்திருக்கிறது, எது பாக்கி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எப்படி வாங்குவது, யாரிடம் வாங்குவது, அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். முதல் முறையாக வீடு கட்டுபவர்களையும், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுபவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்தச் சான்று என்பதில் குழப்பம் வேண்டாம்

சான்று என்றதும் மூன்று வேறு வேறு காகிதங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, அரசு தரும் பணி நிறைவுச் சான்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, அனுமதி பெற்ற வரைபடத்தை மீறாமல் கட்டடம் எழுந்திருக்கிறதா என்று அனுமதி கொடுத்த அலுவலகம் பார்த்துத் தருவது இது. சுற்றிலும் விட வேண்டிய இடம், உயரம், மாடிகளின் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவைதான் அதில் முக்கியம். உங்கள் பாத்ரூம் கசிகிறதா, கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

சிறிய வீடுகளுக்கு இந்தச் சான்றே இப்போது வேண்டாம். 2024 மார்ச்சில் விதியைத் திருத்திய பிறகு, 14 மீட்டர் உயரத்துக்குள், 8 குடியிருப்புகளுக்கு மிகாமல், 750 சதுர மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. 2024 ஜூலையில் வந்த சுயச்சான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அதற்கும் நிறைவுச் சான்று தேவையில்லை. மின் இணைப்புக்காக அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, நல்ல மாற்றம்தான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. செம்மண்டலத்திலோ புதுப்பாளையத்திலோ நீங்கள் கட்டும் சாதாரணத் தனி வீட்டை, முடிந்த பிறகு வந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற கடமை இப்போது எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

இரண்டாவது, வங்கியின் அறிக்கை. வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, ஃபினிஷிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வங்கி தன் பேனல் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை விடும். கட்டணத்தை உங்களிடமிருந்து பிடித்தாலும் அறிக்கை வங்கிக்குத்தான் போகும். கொடுத்த கடனுக்கு ஈடாகக் கட்டடம் நிற்கிறதா என்பதுதான் வங்கியின் கவலை. "பேங்க் இன்ஜினியரே பார்த்துட்டார், அப்புறம் என்ன?" என்று நிறையப் பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அவர் பார்த்தது வங்கிக்காக.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நீங்களே காசு கொடுத்து, உங்களுக்காகவே ஒரு இன்ஜினியரையோ ஆர்க்கிடெக்டையோ அழைத்து, வேலையைச் சரிபார்த்து வாங்கும் அறிக்கையும் சான்றும். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் பலர் வாங்குவதில்லை. உங்கள் பக்கத்தில் நின்று பேசும் காகிதம் இது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

கடலூரிலிருந்து வடக்கே போய் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரி. அங்கே மேலே சொன்ன தமிழ்நாட்டு விதிகளும் விலக்குகளும் செல்லாது. புதுச்சேரி திட்டக் குழுமமும் அதன் கட்டட விதிகளும் வேறு. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் மனை வாங்கிவிட்டு, கடலூரில் இருக்கும் உறவினர் சொன்ன விதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். தனி இன்ஜினியரை வைத்துப் பார்க்கும் முறை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8-க்கு மேற்பட்ட ஃபிளாட்டுகள் என்றால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்று வாங்கித் தருவது கட்டுநரின் பொறுப்பு. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். கையில் வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலையிலோ குறை தெரிந்தால், கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் நல்ல பாதுகாப்புதான். ஆனாலும் அந்தச் சான்றுகளைக் கொடுப்பவர்கள் கட்டுநர் அமர்த்தியவர்கள். உங்கள் ஃபிளாட்டின் உள்ளே வந்து உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

யாரை அழைப்பது?

பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட், சிவில் இன்ஜினியர், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் மூவரில் ஒருவர். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இன்ஜினியர் என்றால் மாநகராட்சியிலோ நகர் ஊரமைப்புத் துறையிலோ பதிவு இருக்கிறதா, எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு அனுபவமுள்ள சிவில் இன்ஜினியர் போதும். இரண்டு, மூன்று மாடி என்றாலோ, நீளமான பீம், தூண் இல்லாமல் வெளியே நீட்டிய கான்டிலீவர் பால்கனி என்று ஏதாவது இருந்தாலோ ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரையே பிடியுங்கள்.

பதிவு எண்ணைவிட முக்கியமானது, அவருக்கு இந்த வேலையில் வேறு எந்த வழியிலாவது காசு வருகிறதா என்பது. கடலூர் சின்ன ஊர். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் இன்ஜினியருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் காண்ட்ராக்டருக்கும் பழக்கம் இருப்பது சகஜம். பழக்கம் தப்பில்லை. அந்தக் காண்ட்ராக்டருக்கு அவர் பிளான் போட்டுக் கொடுக்கிறாரா, அவர் மூலம் வேலை வாங்குகிறாரா, டைல்ஸ் கடையிலோ கம்பிக் கடையிலோ கமிஷன் பேசியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இதை நேரடியாகவே கேட்கலாம். நேர்மையாகத் தொழில் செய்பவர் கோபப்பட மாட்டார். "எனக்குத் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், அவரையே வெச்சுப் பார்த்துடலாம்" என்று காண்ட்ராக்டரே சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைத் தேடுங்கள். மனசு சங்கடமாக இருந்தால் சிதம்பரத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஒருவரை அழையுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

உங்கள் வீட்டுக்கு டிசைன் போட்டவரே சரிபார்க்கலாமா என்று கேட்பார்கள். டிசைன்படி கட்டியிருக்கிறதா என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் டிசைனிலேயே குறை இருந்தால் அதை அவர் எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டிய காலத்தில் மேற்பார்வை பார்க்கவும் அவரே சம்பளம் வாங்கியிருந்தால், முடிவில் பார்க்க இன்னொருவரைக் கூப்பிடுவது நல்லது.

கட்டணத்தை ஒரு வருகைக்கு இவ்வளவு, அறிக்கைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு இந்த வேலைக்குப் பொருந்தாது. பணம் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போக வேண்டும், காண்ட்ராக்டர் கை வழியாகப் போகக் கூடாது. அவர் முன்பு கொடுத்த அறிக்கை ஒன்றை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் நாலு வரி என்றால் அவர் உங்களுக்கு ஆகமாட்டார்.

கடைசியில் அல்ல, மூடுவதற்கு முன்

முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்து, பூசி, டைல்ஸ் ஒட்டிய பிறகு வருகிற இன்ஜினியர், வீட்டின் மேல்தோலைத்தான் பார்க்கிறார். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எத்தனை கம்பி, எத்தனை எம்.எம்., பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாபுக்குள் வாட்டர்ப்ரூஃபிங் அடித்தார்களா என்பதெல்லாம் உள்ளே போய்விட்டது. அதனால் சான்று வாங்கும் வேலை கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கக் கூடாது. கட்ட ஆரம்பிக்கும்போதே இன்ஜினியரைப் பேசி வைத்து, மூடப்படும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் வருகை, அஸ்திவாரக் குழி தோண்டி, கான்கிரீட் போடும் முன். தேவனாம்பட்டினம், கடலூர் ஓ.டி. பக்கம் மணல் பூமி, நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். குழியில் ஊறும் தண்ணீரை இறைக்காமல், அப்படியே அதன் மேல் கான்கிரீட் கொட்டுவதை அனுமதிக்கக் கூடாது. தென்பெண்ணை, கெடிலம் ஓரங்களில் மண் வேறு மாதிரி. பக்கத்து வீட்டுக்கு அஞ்சடி தோண்டினார்கள் என்பது உங்கள் மனைக்குக் கணக்காகாது, மண் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

கூடவே கலவைக்கு ஊற்றும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருவது சாதாரணம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை. ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்குக் கொடுத்தால் தெரிந்துவிடும். செலவு சொற்பம். இதைச் செய்யாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் பெயர்ந்து விழும். அப்போது வருந்திப் பயனில்லை.

அடுத்த வருகை, தளம் போடும் முன். எனக்குக் கேட்டால் எல்லா வருகையிலும் முக்கியமானது இதுதான். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, பைப் பதித்து முடித்த பிறகு, கான்கிரீட் வண்டி வருவதற்கு ஒரு நாள் முன்பாவது இன்ஜினியர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். கான்கிரீட் போடும் அன்று காலையில் வந்து பார்த்து, குறை இருந்தால் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. கூலியாட்கள் நாற்பது பேர் காத்திருக்கும்போது எந்த மேஸ்திரியும் கம்பியை அவிழ்த்துக் கட்ட மாட்டார். கம்பியின் தடிமன், இடைவெளி, பீமில் ரிங்குகளின் நெருக்கம், கம்பி ஒட்டுப் போடும் இடம், இவற்றை டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். உடைந்த ஜல்லியையும் மார்பிள் துண்டையும் முட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம் 30 கலவையும் (எண் கூடினால் கான்கிரீட்டின் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது ஐ.எஸ். 456. நம் ஊரில் வழக்கமாகப் போடுவது எம் 20, கவர் 20 மில்லிமீட்டர். உங்கள் மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பாகம் காற்றுக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து எது பொருந்தும் என்பதை இன்ஜினியர் எழுதிக் கொடுக்கட்டும்.

கான்கிரீட் போடும் அன்று 15 செ.மீ. கியூப் அச்சுகளில் மாதிரி எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் லேபில் நசுக்கிப் பார்க்க வேண்டும். மாதிரி எடுப்பது உங்கள் இன்ஜினியர் கண் முன்னால் நடக்க வேண்டும், கியூபில் தேதி எழுத வேண்டும். அப்புறம் நீராற்றல், அதாவது கான்கிரீட் காயாமல் ஈரமாக வைக்கும் க்யூரிங். இப்போது பெரும்பாலும் போடுவது பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் கழித்துத்தான் கீழே கொடுத்த முட்டுகளை எடுக்க வேண்டும். இந்தத் தேதிகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், கடைசிச் சான்றுக்கு அதுவே பெரிய ஆதாரம்.

மற்ற வருகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கன் ஸ்லாபை நிரப்பும் முன் ஒரு முறை, சுவரில் வயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் பதித்துப் பூசும் முன் ஒரு முறை, செப்டிக் டேங்க், சம்ப் மூடும் முன் ஒரு முறை. இவற்றை ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்க்கும்படி வேலையை ஒழுங்கு செய்தால் செலவு குறையும். ஒவ்வொரு முறையும் அரைப் பக்கக் குறிப்பும், அளவு டேப் வைத்து எடுத்த போட்டோக்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் வழி இருக்கிறது. ரீபவுண்ட் ஹேமர் வைத்துத் தட்டிப் பார்த்தால் கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று தெரியும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே பொந்து, வெடிப்பு இருந்தால் காட்டும். கவர் மீட்டர் கம்பி எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். சந்தேகம் பலமாக இருந்தால் கான்கிரீட்டிலிருந்தே உருளையாகக் கோர் வெட்டி எடுத்து நசுக்கிப் பார்ப்பதுதான் கடைசி வழி. அதை எங்கே வெட்டலாம் என்று ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்தான் குறிக்க வேண்டும். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளிலும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பட்ட சோதனைகளுக்கு விசாரித்துப் பாருங்கள்.

இறுதிப் பார்வை

அனுமதி பெற்ற வரைபடம், ஸ்ட்ரக்சரல் டிராயிங், காண்ட்ராக்டரோடு போட்ட ஒப்பந்தம், என்ன பொருள் எந்த பிராண்ட் என்று எழுதிய பட்டியல், கியூப் ரிசல்ட், முந்தைய குறிப்புகள், போட்டோக்கள், இதுவரை கொடுத்த பணத்தின் கணக்கு. இவ்வளவையும் இரண்டு நாள் முன்பே இன்ஜினியரிடம் கொடுத்துவிடுங்கள். எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் வந்து நிற்பவர் பொதுவாகத்தான் எழுதுவார். ஒப்பந்தமே இல்லை, சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய் வார்த்தைதான் என்றால், பேசியதை நீங்களும் காண்ட்ராக்டரும் உட்கார்ந்து இப்போதாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பார்வைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பாத்ரூம்களிலும் மொட்டை மாடியிலும் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். வடிகால் வாயை அடைத்து, ஒரு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தை பென்சிலால் சுவரில் குறித்து வையுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கீழ்ப்பக்கச் சீலிங்கில் ஈரம் தெரிகிறதா, பக்கத்து அறைச் சுவரில் நிறம் மாறுகிறதா என்று இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். நம் பகுதிக்கு இது மிக அவசியம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்த் தெருக்களுக்குள் வந்தது. இங்கே ஒரு வீடு முடிந்திருக்கிறது என்றால் அந்த மாதிரி மழையில் ஒழுகாமலும், அந்த மாதிரிக் காற்றில் மாடி ஷீட்டும் சின்டெக்ஸ் டேங்கும் பறக்காமலும் இருக்க வேண்டும். ஜன்னல் சன்ஷேடின் அடியில் சொட்டுக்கோடு, மாடித் தளத்தின் வாட்டம், மழைநீர்க் குழாய்களின் எண்ணிக்கை, ஷீட்டின் ஜே போல்ட்டுகள் இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தெரு மட்டத்துக்கும் உங்கள் தரை மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

சுவரின் நேர்த்திக்குத் தூக்குக்குண்டும், தரையின் மட்டத்துக்கு ரசமட்டமும், மூலைக்கு மூலமட்டமும் வைத்துப் பார்ப்பார். பூச்சையும் டைல்ஸையும் தட்டினால் வெற்று ஒலி வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுவார். மின்சாரத்தில் மூன்றை விட்டுவிடக் கூடாது: எர்த் குழியின் மின்தடை, வயரிங்கின் இன்சுலேஷனைப் பார்க்கும் மெகர் சோதனை, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறதா என்பது. இதற்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சிவில் இன்ஜினியர் அதற்குக் கையெழுத்துப் போட முடியாது.

கட்டிய பரப்பை அளந்து கணக்குப் போடுவதும் இதே நாளில் நடக்க வேண்டும். சதுர அடி ரேட்டில் பேசியிருந்தால், சன்ஷேட், பால்கனி, படிக்கட்டு, ஹெட் ரூம், சம்ப் இவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் கடைசி பில்லில் தகராறு வருகிறது. இன்ஜினியர் அளந்து எழுதிய தாள் ஒன்று இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

காண்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் கூடவே இருக்கச் சொல்லுங்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பார்ப்பதைவிட, முன்னால் வைத்துப் பார்த்தால் எது ஏன் அப்படி இருக்கிறது என்று அங்கேயே பேசிவிடலாம். நல்ல மேஸ்திரி இதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போதாது. கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் காட்டுபவர்தான் முடிவு செய்கிறார். இன்ஜினியரை உள்ளே அனுமதிக்கும்படி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும், இதற்கெனப் பவர் ஆஃப் அட்டர்னி வேண்டாம். அறிக்கை நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும்.

இதில் குடும்பத்துச் சங்கடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் இங்கே அப்பாவோ மாமனாரோ மைத்துனரோதான் வெயிலில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனியாக ஒரு இன்ஜினியரை அனுப்பினால் "என்னை நம்பலையா?" என்று வரும். அதனால் முதலிலேயே, காண்ட்ராக்டரைப் பேசி முடிக்கும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "மாமா, நீங்க பார்க்கிறதுக்கு மேல ஒரு இன்ஜினியர் கையெழுத்தும் இருந்தா, நாளைக்குக் காண்ட்ராக்டர் உங்ககிட்ட மல்லுக்கு நிக்க முடியாது." இது உண்மையும்கூட. அந்தக் காகிதம் முதலில் காப்பாற்றுவது அங்கே நிற்கும் பெரியவரைத்தான்.

சான்றில் என்ன இருக்க வேண்டும்?

"மேற்படி வீட்டுக் கட்டுமானம் திருப்திகரமாக முடிந்துள்ளது" என்று ஒரு வரியும் சீலும் மட்டும் இருந்தால் அதை வாங்காதீர்கள். உங்கள் பெயர், மனையின் சர்வே எண், வார்டு, கட்டட அனுமதி எண், பார்த்த தேதி, யார் யார் உடனிருந்தார்கள், எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார் என்பவை முதலில் வர வேண்டும். அடுத்து, எதை நேரில் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை என்று பிரித்து எழுத வேண்டும். "அஸ்திவாரம் மூடப்பட்டிருந்ததால் பார்க்க இயலவில்லை" என்று எழுதுபவர் நேர்மையானவர், அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று எழுதுபவரைத்தான் இன்னொரு முறை விசாரிக்க வேண்டும்.

அதன் பிறகு, அளந்த பரப்பு, வரைபடத்திலிருந்து மாறியிருக்கும் இடங்கள், முடியாத வேலைகள், குறைகள், ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஆகும் மதிப்புத் தொகை. கடைசியில் முடிவு: ஒப்பந்த வேலைகள் முழுதும் முடிந்தனவா, சில்லறைக் குறைகள் நீங்கலாக முடிந்தனவா, முடியவில்லையா. குடியேறுவதற்குத் தக்க நிலையில் இருக்கிறதா என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். முழுப் பெயர், தகுதி, பதிவு எண், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

இந்தச் சான்று வீட்டுக்கு ஆயுள் உத்தரவாதம் இல்லை. பார்த்த நாளில், பார்க்க முடிந்த அளவில், வேலை எப்படி இருந்தது என்பதற்கான தொழில்முறைச் சாட்சி. அதற்கே பெரிய மதிப்பு உண்டு. வங்கியில் கடைசித் தவணை வாங்கும்போதும், மாநகராட்சியில் வரி போடும்போதும், பின்னால் வீட்டை விற்கும்போதும் உதவும். பழைய சொத்தை விற்ற பணத்தில் வீடு கட்டி மூலதன ஆதாய வரிச் சலுகை கேட்பவர்களுக்கு 3 ஆண்டுக்குள் கட்டி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. முடிந்த தேதியைக் காட்டும் சான்று அங்கே நேரடியாகவே பயன்படும்.

குறைப் பட்டியல் வந்த பிறகு

பட்டியலை வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பாமல், ஸ்பீட் போஸ்ட்டிலோ மின்னஞ்சலிலோ காண்ட்ராக்டருக்கு அனுப்பி, எத்தனை நாளில் முடிப்பார் என்று எழுதி வாங்குங்கள். முடித்ததாகச் சொன்னதும் அதே இன்ஜினியர் ஒரு முறை வந்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே "சரி" என்று குறித்துத் தேதி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசி பில்.

அப்போதும் முழுத் தொகையையும் விடாதீர்கள். ஐந்து முதல் பத்து சதவீதம் வரை நிறுத்தி வைத்து, ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிய பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் நல்லது. சித்திரையில் முடிந்த வீட்டை வெயிலில் பார்த்து ஒழுகவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. காண்ட்ராக்டரின் பக்கத்தையும் நினைக்க வேண்டும். அவரும் கடன் வாங்கித்தான் ஆட்களுக்குக் கூலி கொடுத்திருப்பார். சான்றில் சரி என்று வந்த வேலைக்கு உரிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நிறுத்தி வைத்ததையும் சொன்ன தேதியில் கொடுங்கள்.

குறைகளைச் சரிசெய்ய மறுத்தால் புகார் கொடுக்க வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்கள் வாய் வார்த்தையைவிட, தேதியும் அளவும் போட்டோவும் உள்ள இன்ஜினியர் அறிக்கைக்கு எடை அதிகம். ஆணையம் தன் சார்பில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. அதனால் வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், அவசரப்பட்டு எல்லாவற்றையும் உடைத்துத் திருத்திவிடாதீர்கள். மழை உள்ளே வருவதை மட்டும் தற்காலிகமாக அடைத்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டு வையுங்கள்.

இன்னும் வேலை தொடங்காதவர்கள், ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, வீட்டுக்காரர் அமர்த்தும் இன்ஜினியர் எந்த நேரமும் தளத்துக்கு வந்து பார்க்கலாம். இரண்டு, கான்கிரீட் போடவோ மூடவோ இரண்டு நாள் முன்பு அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் பார்க்காமல் மூடினால் திறந்து காட்டும் செலவு காண்ட்ராக்டருடையது. மூன்று, ஒவ்வொரு தவணையும் அவர் எழுதிக் கொடுத்த பிறகே தரப்படும். இதற்கு ஒத்துக்கொள்ளாத காண்ட்ராக்டர் எவ்வளவு குறைந்த ரேட் சொன்னாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் கொட்டேஷன் வாங்குங்கள்.